“சோதிக்க இயலவில்லை” என்று எழுதித் தந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் மறதி நோய் முகாம்களுக்குத் திட்டம் வகுக்கும் மருத்துவ அதிகாரிகளுக்கு,

கடந்த ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. காவிரிக் கரையில் எங்கள் ஊருக்குப் பக்கத்து டவுனில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மறதி நோய் முகாமுக்கு என் அம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். காலை ஒன்பது மணிக்குப் போய் மதியம் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அம்மாவின் சீட்டில் இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தார்கள்: “சோதிக்க இயலவில்லை.” அதன் கீழே காரணம்: “படிக்காதவர்.”

அந்தச் சீட்டை என்னால் பேசாமல் மடித்து வைக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாசலிலேயே ஒரு மேசை போட்டிருந்தார்கள். “படிக்கத் தெரியுமா?” என்று ஒரு தம்பி கேட்டார். தெரியும் என்றவர்கள் உள்ளே போனார்கள். தெரியாது என்றவர்களைச் சுவரோரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பெஞ்சு நிறைந்து, தரையிலும் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரில் ஆண்கள் இரண்டே பேர். மற்ற எல்லாரும் பெண்கள். பிரஷர் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள். பிறகு வரிசையாகக் கூப்பிட்டு எல்லாருடைய சீட்டிலும் அதே சொற்களை எழுதி அனுப்பினார்கள். அம்மா எதை மறக்கிறார், எப்போதிலிருந்து மறக்கிறார் என்று என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நம்பி ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அது பையிலேயே கிடந்தது.

எங்களோடு ஆட்டோவில் வந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு நடந்தது வேறு. அவருக்குக் கையெழுத்துப் போட வரும். அறிவொளி இயக்கம் ஊருக்கு வந்த காலத்தில் கற்றுக்கொண்டது. அதனால் “தெரியும்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அங்கே இன்று என்ன தேதி என்று கேட்டிருக்கிறார்கள். “நாளைக்கு ஆடிப் பதினெட்டு” என்றிருக்கிறார். தவறு என்று போட்டுக்கொண்டார்களாம். ஆற்றங்கரையில் பிறந்து, அந்தக் கரையிலேயே வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் அந்த நாளை அதைவிடச் சரியாக எப்படிச் சொல்வார்? அப்புறம் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பென்சிலை எப்படிப் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. சீட்டில் “மறதி நோய் – சந்தேகம்” என்று வந்தது. அன்று இரவு அத்தை தூங்கவில்லை. மறுநாள் அவருடைய மகன் வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நோய் இருக்கிற என் அம்மாவைச் சோதிக்காமல் அனுப்பினீர்கள். நோய் இல்லாத அத்தையைச் சோதித்து, சந்தேகம் என்று எழுதினீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அவர்களுக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தை வைத்து அவர்களுடைய நினைவை அளந்தீர்கள்.

அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தவை என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1975இல் அமெரிக்காவில் உருவான எம்.எம்.எஸ்.இ. என்னும் சிறு தேர்விலும் அதே கேள்விகள்தான் இருக்கின்றன. மொத்தம் 30 மதிப்பெண். பொதுவாக 24க்குக் கீழே போனால் சந்தேகம் என்பார்கள். ஏழேழாகக் கழிப்பதற்கு 5. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, வாக்கியம் எழுத 1, படம் வரைய 1. ஆக, பள்ளி வாசலை மிதிக்காத ஒருவர் இந்த எட்டையும் இழந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அவருக்கு 22தான் வரும். நல்ல நினைவோடு இருப்பவரும் இந்தத் தாளில் தோற்பார். இந்தக் குறை மருத்துவ உலகத்துக்குப் புதிதல்ல. வயதுக்கும் படிப்புக்கும் ஏற்பத் தனித்தனி அளவுகோலை அமெரிக்காவிலேயே 1993இல் வெளியிட்டுவிட்டார்கள்.

இந்தத் தேர்வில் தோற்கிறவர்கள் ஏன் பெரும்பாலும் பெண்களாக இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுதப் படிக்கத் தெரிந்த இந்திய ஆண்கள் நூற்றுக்கு 27 பேர். பெண்கள் 9 பேர்கூட இல்லை. இன்று உங்கள் முகாமுக்கு வரும் எழுபது, எண்பது வயதுப் பெண்கள் அந்தக் காலத்துப் பிள்ளைகள். என் அம்மா ஒன்றாம் வகுப்பில் இரண்டு மாதம் உட்கார்ந்தவர். தம்பி பிறந்தான், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பி, என் தாய்மாமா, பி.யூ.சி. வரை படித்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, என்று இந்திய முதியோரின் நினைவை ஆராய்ந்து 2023இல் வெளியான லாசி–டேட் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 5.8 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. நோய் அதிகம் இருக்கும் இடம் கிராமத்துப் பெண்கள். நீங்கள் சுவரோரம் உட்கார வைத்ததும் அவர்களைத்தான்.

பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், அதனால் அவர்களுக்கு மறதி அதிகம் வருகிறது என்று முகாமில் ஒரு மருத்துவர் மைக்கில் சொன்னார். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வயதான பெண்கள் சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் தேர்வுகளில் ஆண்களைவிட நன்றாகவே செய்கிறார்கள். இந்தியாவில் அது தலைகீழாகிறது. இந்தியாவுக்குள்ளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. லாசி என்ற முதியோர் ஆய்வின் முன்னோட்டமாகக் கேரளம், கர்நாடகம், பஞ்சாப், ராஜஸ்தான் ஆகிய நான்கு மாநிலங்களில் பார்த்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி தெற்கைவிட வடக்கில்தான் பெரிதாக இருந்தது. உடம்பு மட்டுமே காரணம் என்றால் விந்திய மலையைத் தாண்டியதும் அது ஏன் மாற வேண்டும்? பெண்ணைப் படிக்க விட்டார்களா, வயிறாரச் சாப்பிட விட்டார்களா, வெளியே போக விட்டார்களா என்பதெல்லாம் அறுபது வருடம் கழித்து மூளையில் வந்து நிற்கிறது.

உடம்புக்கும் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏ.பி.ஓ.ஈ.–4 என்ற மரபணு வகை இருப்பவர்களில், 65 முதல் 75 வயதுக்குள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அல்சைமர் என்ற மறதி நோய் வரும் அபாயம் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். மாதவிடாய் தானாக நிற்கும் முன்பே சினைப்பைகளை அறுத்து எடுத்துவிட்டால் பிற்காலத்தில் நினைவு குன்றும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா, இல்லையா என்று அவர்களில் பலருக்கே தெரியாது. உங்கள் படிவத்தில் பீடி, சிகரெட், குடி பற்றிய கேள்விகள் இருந்தன. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் மாதவிடாய் எந்த வயதில் நின்றது, அறுவை சிகிச்சை நடந்ததா என்ற கேள்வி இல்லை. அந்தப் படிவம் ஓர் ஆணை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று அதைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றியது.

என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடந்ததை இனி சொல்கிறேன்.

அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். 2016இல் ஒருநாள் வங்கியில் பென்ஷன் எடுக்கப் போனவர் தன் பாஸ்புக்கைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு, எடுத்துப் போக மறுபடி அங்கேதான் போக வேண்டும் என்பது தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றார். பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிறவர், அதையும் பாதியில் விட்டார். இரண்டே வாரத்தில் அண்ணன் அவரைத் திருச்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், பி12 பார்த்தார்கள். பி12 மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள், மூன்று நான்கு மாதத்தில் அப்பா தேறிவிட்டார். 2019இல் மாரடைப்பில் இறக்கும்வரை அவர் நினைவு தெளிவாகவே இருந்தது.

அம்மா எழுதத் தெரியாதவர், ஆனால் முப்பது வருடம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். கணக்கெல்லாம் கொட்டகைத் தூணில் கரிக்கோடுதான். நின்ற கோடு ஒரு லிட்டர், படுத்த கோடு அரை லிட்டர். வீட்டுக்கு ஒரு வரிசை, அமாவாசைக்கு அமாவாசை துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். எந்த வீட்டில் எத்தனை ரூபாய் நிற்கிறது, தவிட்டுக் கடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் வாயில் இருக்கும். அப்பா தாளில் கூட்டி முடிப்பதற்குள் அம்மா தொகையைச் சொல்லிவிடுவார். எந்தக் கன்று எப்போது பிறந்தது என்று கேட்டால் “பங்குனி உத்திரத்துக்கு மூணு நாள் முன்ன, மழை பெய்ஞ்சிச்சே அன்னிக்கு” என்பார். அது சரியாகவே இருக்கும்.

அப்பா போன பிறகு அந்தக் கோடுகள் தப்ப ஆரம்பித்தன. ஒரே வீட்டில் ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை காசு கேட்டார். அந்த வீட்டுக்காரம்மா சத்தம் போட்டார். அம்மா அழுதுகொண்டே வந்தார். புருஷன் போன துக்கம், அதான் இப்படி என்று ஊரே சொன்னது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். “வயசாச்சு, இனிமே எதுக்கு இந்தச் சாணியும் தவிடும்?” என்று அண்ணன் மாட்டை விற்றார். அம்மாவின் தவறு வெளியே தெரிந்த ஒரே இடம் அந்தப் பால் கணக்கு. மாட்டோடு அதுவும் போய்விட்டது.

அப்புறம் ரசத்தில் புளி இல்லாமல் வந்தது, ஒருநாள் அடுப்பு அணையாமல் கிடந்தது. அண்ணி கரண்டியை வாங்கிக்கொண்டார். நல்ல எண்ணத்தில்தான். மார்கழி மாதம் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவர், புள்ளி வைத்துவிட்டு இழையை எங்கே திருப்புவது என்று தெரியாமல் குந்தியபடியே இருந்தார். அடுத்த நாள் வாசல் தெளித்ததோடு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு கோலம் அண்ணன் மகளுடைய வேலையானது. இப்படி ஒவ்வொரு வேலையாக அவர் கையிலிருந்து எடுத்தோம். ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்தோம். அப்பாவுக்கு இரண்டே வாரத்தில் கண்டுபிடித்த வீடு, அம்மாவுக்கு நான்கு வருடம் எடுத்துக்கொண்டது. ஆணின் மறதி வங்கியில், கடையில், பேப்பரில் தெரிகிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். அம்மாவின் மறதி அடுக்களைக்குள் நடந்தது. வெளியே வந்த சில தடவையும் அதற்குத் துக்கம் என்று பேர் வைத்தோம்.

அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க இந்த மடலை எழுதவில்லை. ஆனால் முகாம் என்று ஒன்று வைப்பதே குடும்பம் பார்க்கத் தவறியதைப் பார்ப்பதற்குத்தானே?

பின்னால் யோசித்தால் இன்னும் பல புரிகிறது. மறதி நோய் வராமல் தடுக்க அல்லது தள்ளிப்போடக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. சிறுவயதில் கல்விக் குறைவு, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் படித்தபோது அம்மாவின் வாழ்க்கையை வரிசையாக எழுதியது போல இருந்தது. நாற்பது வருடம் விறகடுப்புப் புகை. அப்பாவுக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்கி வந்தவர் தன் கையை ஒரு நாளும் நீட்டவில்லை. அம்மாவுக்கும் ரத்த அழுத்தம் இருப்பது அப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதில் கண்புரை எடுத்தோம், அம்மாவுக்கு எழுபத்தைந்தில். காது பத்து வருடமாக மந்தம். காதுக் கருவி வாங்கலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசினோம், வாங்கவில்லை. அப்பா இறந்த பிறகு கல்யாணம் காட்சிக்கும் அம்மா போகவில்லை, கூப்பிடவும் இல்லை. பெண் என்பதற்காக ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது அல்லது கிடைக்கவே இல்லை. எல்லாம் சேர்ந்து இங்கே வந்து நிற்கிறது.

படித்த பெண்களுக்கும் உங்கள் தேர்வு நியாயம் செய்வதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். முகாமில் நல்ல மதிப்பெண் வாங்கினார். மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டபோது டக்கென்று சொன்னாராம். ஆனால் தன் வீட்டுக்கே வழி தெரியாமல் இரண்டு தடவை எதிர்த் தெருவில் நின்றவர் அவர். பள்ளிப் படிப்பு கிடைத்த பெண்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் பொதுவாகவே கூடுதல். அதனால் நோய் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் சொல் தேர்வுகளில் அவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வெட்டெண் (இதற்குக் கீழே போனால் சந்தேகம் என்ற எண்) வைத்தால் ஆரம்ப கட்டத்தில் பெண்கள் தவறிப் போவார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஐந்து நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து, 26,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2021இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, பெண்கள் உயர்ந்த இடத்தில் தொடங்கினாலும் ஆண்களைவிட வேகமாகச் சரிகிறார்கள் என்று சொன்னது. கண்டுபிடிக்கும்போது நாள் கடந்திருக்கிறது. அதன் பிறகு இறக்கமும் வேகமாக இருக்கிறது. அந்த டீச்சருக்கு “நலம்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய மகள் அந்தச் சீட்டை நம்புவதா, எதிர்த் தெருவில் அம்மா நின்றதை நம்புவதா?

வேறு வழி இல்லாமல்தான் இந்தத் தேர்வை வைத்தோம் என்று நீங்கள் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு முன்பே, 1995இல், ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களுக்காக, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே இந்தியில் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். “கண்ணை மூடு” என்று எழுதிக் காட்டுவதற்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். நம் வாசலிலேயே நடந்ததும் உண்டு. 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரைச் சுற்றிய கிராமங்களிலும் முதியவர்களைச் சந்தித்து, படிப்பு குறுக்கே வராமல் டிமென்ஷியாவைக் கண்டறியும் முறையைப் பயன்படுத்தியது. அந்த முறையில் முதியவரிடம் கேட்பதோடு, கூட இருப்பவரிடமும் விரிவாகக் கேட்பார்கள். லாசி–டேட் ஆய்விலும் அப்படித்தான். என் பையில் கிடந்த நோட்டுக்கு அங்கே மதிப்பு இருந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒரு நினைவாற்றல் தேர்வுத் தொகுப்பை உருவாக்கியது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று முதலில் ஐந்து மொழிகள். சுற்றியிருக்கும் மூன்று மொழிகளும் இருந்தன, தமிழ் இல்லை. தமிழில் அறிவியலை எழுத வேண்டும் என்று நூறு வருடமாகப் பேசுகிற நாட்டில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு கிழவியின் நினைவை அளக்கும் கருவி அந்த வரிசையில் முதலில் வந்திருக்க வேண்டாமா? இதை எழுதும்போது கோபத்தைவிட வருத்தம்தான் வருகிறது.

கவனித்துக்கொள்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் பதினாறு வருடம் கணக்கு எழுதினேன். இப்போது வேலையை விட்டுவிட்டேன். அண்ணன் விடவில்லை, விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. டிமென்ஷியா உள்ளவர்களுக்கு வீட்டார் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவில் அம்மா எழுந்து கொட்டகைக்குப் போகிறார். இல்லாத மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்கிறார். நானும் எழுந்து ஒரு வாளித் தண்ணீரோடு கூடவே போகிறேன். தூக்கம், வேலை, வெளிப்பழக்கம் மூன்றையும் இழந்து நிற்கும் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்னும் இருபது வருடத்தில் உங்கள் முகாம் பெஞ்சில் உட்காரப் போகும் பெண் நான்தான்.

உங்களிடம் கேட்பவற்றை வெளிப்படையாகவே கேட்கிறேன்.

முதலில், “சோதிக்க இயலவில்லை” என்ற சொற்களை எந்த முதியவரின் சீட்டிலும் இனி எழுதாதீர்கள். ஆகஸ்ட் 2 முகாமில் அப்படிச் சீட்டு வாங்கியவர்கள் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டு, அவர்களுக்குப் பொருந்தும் முறையில் சோதியுங்கள். “சந்தேகம்” என்று எழுதி அனுப்பியவர்களையும் கூப்பிடுங்கள். அத்தையின் சீட்டு தவறு என்றால் அதைத் திருத்தி எழுத்தில் தாருங்கள். அவருடைய மகனிடம் காட்ட அவருக்கு அது வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான தேர்வைத் தமிழில், நம் ஊர் வாழ்க்கையிலிருந்து எடுத்து, முறையாகச் சரிபார்த்து எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் கொடுங்கள். ஆடி, ஆவணி என்று தமிழ் மாதம் சொன்னால் அதையும் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஐங்கோணத்துக்குப் பதில் கோலத்தை வைக்க முடியுமா, ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் சந்தைக் கணக்கு கேட்க முடியுமா என்று உங்கள் நிபுணர்கள் ஆராயட்டும். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் எங்கள் ஊருக்கு வாருங்கள், நாங்கள் சொல்கிறோம். கூட வருபவரிடம் கேட்கும் கேள்விகள் கட்டாயம் இருக்க வேண்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும், படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் தனித்தனி வெட்டெண் வேண்டும். படிவத்தில் மாதவிடாய் நின்ற வயதும், கர்ப்பப்பை, சினைப்பை அறுவை சிகிச்சையும் இடம்பெற வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம். தன் கையை நீட்டாத அம்மாக்களின் கையைப் பிடித்துப் பார்த்தது அந்தத் திட்டம்தான். அப்படி வாசலுக்கு வரும் சகோதரிகள் எல்லா வீட்டிலும் நினைவைப் பற்றியும் கேட்கும்படி செய்யுங்கள். நீண்ட தேர்வு வேண்டாம். முன்பு செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டாலே போதும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் பால் கணக்கு தப்பியதையும் கோலம் நின்றதையும் அன்றே சொல்லியிருப்போம். அதே சகோதரி காது கேட்கிறதா என்றும் பார்க்கட்டும். காதுக் கருவி தேவை என்று தெரிந்தால், பேசிப் பேசித் தள்ளிப்போடாமல் கிடைக்க வழி செய்யுங்கள்.

மறதி என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பி12, தைராய்டு, ரத்த சோகை, மனச்சோர்வு நான்கையும் பார்த்துவிட்டே “வயசானா அப்படித்தான்” என்ற பேச்சை எடுங்கள். என் அப்பாவைக் காப்பாற்றியது ஒரு ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கு அதை எழுதிக் கொடுக்க முகாமில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கைக்காசில் தனியாரில் எடுத்தேன்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் மறதி நோயாளிகளுக்குப் பகல் நேரப் பராமரிப்பு மையம் ஒன்றாவது திறவுங்கள். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை அம்மாவை நம்பி விட ஓர் இடம் இருந்தால் நான் மறுபடி வேலைக்குப் போவேன். வேலையை விட்டுப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாத உதவித்தொகை தர வேண்டும். அது மகளாக இருந்தாலும் மருமகளாக இருந்தாலும் அவர் பேரிலேயே, அவர் கணக்கிலேயே வர வேண்டும்.

முகாம்களில் எத்தனை ஆண்களைச் சோதித்தீர்கள், எத்தனை பெண்களைச் சோதித்தீர்கள், எத்தனை பேரைச் சோதிக்காமல் அனுப்பினீர்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கரிக்கோட்டில் கணக்கு வைத்த ஒரு பெண்ணின் மகள் கேட்கிறேன்.

அம்மாவின் சீட்டையும் என் நோட்டையும் ஒரே பையில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் என் பெயர் தெரிகிறது. காலை வேளையில்தான் தெளிவாக இருக்கிறார், பத்து மணிக்கு முன்னால். அவரை எந்தத் தேதியில், எந்த இடத்துக்கு அழைத்து வர வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்
காவிரிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து